தாய்க்கல்லில் விழுந்த துளை

ஆனைக்கரட்டில் கல் பேசத் தொடங்கிய வருஷம் மழையும் நன்றாகப் பெய்திருந்தது, ஆகவே எதற்காக எந்தச் சாமிக்கு நன்றி சொல்வது என்று குழம்பிய ஊரார் இரண்டுக்கும் சேர்த்து ஒரே கிடாவாக வெட்டி முடித்துக்கொண்டார்கள். குவாரியின் கீழ்ப்பள்ளத்தில் வைத்த வெடி எதிர்பாராத பக்கமாகப் பிளந்து, கத்தரிக்காய் நிறத்தில் ஒரு கல்நரம்பைத் திறந்துவிட்டது. அந்தக் கல்லின் சில்லு ஒன்றை உதட்டில் ஒட்டிவைத்து, இன்னாருக்கு என்று பேர் சொல்லிப் பேசினால் பேச்சு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அந்த இன்னார் எடுத்துக் காதில் வைத்தால் மட்டும், பேசியவர் குரலிலேயே, பேசியவர் மூச்சோடு வெளியே வந்தது. வேறு யார் வைத்தாலும் கல் கல்லாகவே கிடந்தது.

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. பஸ் கண்டக்டர்கள் டிக்கெட் பைக்குப் பக்கத்தில் கல்லுக்கென்று ஒரு சுருக்குப்பை தைத்துக்கொண்டார்கள். சண்டை போட்டுக்கொண்டு போன புருசனின் தூக்குச்சட்டியில் ரசத்துக்கும் பொரியலுக்கும் நடுவே பெண்டாட்டிமார் ஒரு சில்லை வைத்து அனுப்பினார்கள். துபாயில் கம்பி கட்டும் பிள்ளைகளுக்கு ஊறுகாய்ப் பாட்டிலோடு கல் போனது. சாகக் கிடந்தவர்கள் ஆளுக்கொரு கல்லாகப் பேசி வைத்துவிட்டு நிம்மதியாகச் செத்தார்கள். கருப்பசாமிக்கு என்று பேர் சொல்லிப் பேசிய கற்கள் கோயில் வாசலில் முழங்கால் உயரம் குவிந்தன. அதில் ஒன்றுகூடத் தன் காதுக்குக் கேட்கவில்லை என்று பூசாரி கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்தார். சாராயம் காய்ச்சியவனும் மணல் திருடியவனும் அதே கல்லில்தான் பேசினார்கள். கல்லுக்கு நல்லவன் கெட்டவன் தெரியாது, பேர் மட்டும்தான் தெரியும்.

அந்தக் குவாரியில் துளை போடும் எந்திரம் ஓட்டிய வீரணன்தான் தொழிலாளர் சங்கத்துக்குத் தலைவன். வெடியில் ஊர்ச் சுவர்களெல்லாம் விரிசல் விட்டு, ஒரு சுவர் விழுந்து பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி நசுங்கிப் போனபிறகு, அவன் கோர்ட்டுக்குப் போய்க் குவாரிக்குத் தடை வாங்கினான். தடை வந்த வாரத்திலேயே, காலை வெயிலில், பஸ் நிறுத்தத்து டீக்கடை வாசலில் கிளாஸும் கையுமாக நின்றவனை பைக்கில் வந்த இரண்டு பேர் வெட்டினார்கள். முதல் வெட்டு கிளாஸைப் பிடித்திருந்த கையில் விழுந்தது; கையும் கிளாஸும் சேர்ந்தே சாக்கடையில் விழுந்தன, டீ சிந்தவில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அடுத்த வெட்டுகள் கழுத்தில். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்துக்கொண்டிருந்த அவன் மனைவி தவமணி கரண்டியோடு ஓடிவந்தபோது, சாம்பார் சொட்டிய அந்தக் கரண்டியைத் தவிர அவள் கையில் ஒன்றும் இல்லை. ஓடப் பார்த்த ஒருவனைச் சனம் பிடித்துவிட்டது. கடப்பாரையாலும் ஜாக்கிக் கம்பியாலும் அடித்த அடியில் அவன் ஒரு வார்த்தை பேசாமல் ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே செத்தான். அவன் சட்டைப்பையில் கத்தரிக்காய் நிறத்தில் ஒரு சில்லு இருந்தது.

அடிபட்டுச் செத்த அவன் பேருக்குப் பேசிய கல் அது. கேட்கவேண்டிய காது மண்ணுக்குப் போய்விட்டது. வெட்டச் சொன்னவன் யார் என்று ஊருக்கே தெரியும், ஆனால் கல்லுக்குத்தான் தெரியும் என்றது சட்டம்.

தவமணி அந்தக் கல்லைக் காதில் வைத்துப் பார்த்தாள். பாலில் கழுவி வைத்துப் பார்த்தாள். தரையில் அடித்து, மடியில் போட்டுத் தாலாட்டி, காறித் துப்பி, காலில் விழுந்து பார்த்தாள். அப்புறம் அதைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு எடுத்துப்போய் இன்ஸ்பெக்டர் அமலதாஸின் மேசையில் வைத்தாள்.

அமலதாஸ் வயிற்றுப்புண்ணும் மென்மையான குரலும் உள்ள மனுசன். லத்தியைக் குடை மாதிரிதான் பிடிப்பார். "இதைத் தனியாத் துளைச்சா மாவாப் போயிடும்மா. வேற கல்லை எல்லாம் துளைச்சுப் பாத்துட்டாங்க, பேச்சும் சேந்து பொடியாகுது" என்றார். "கீழ்ப்பள்ளத்துல தாய்க்கல்லு இருக்குல்ல, அதுல ஒரு துளை போட்டா, அதுலேர்ந்து வந்த கல்லு எங்கெங்க இருக்கோ அத்தனையிலயும் அந்த நிமிசமே ஒரு துளை விழும்னு சர்க்கார் ஆளுங்க சொல்றாங்க. துளையில ஊசி விட்டு, ஊசியைப் பல்லுல கடிச்சா, பேச்சு கேக்கும். ஊசி ஒண்ணே ஒண்ணுதான். எங்கிட்ட இருக்கும்."

"அப்ப போட வேண்டியதுதானே?"

"ஊர் ஒத்துக்கணுமே."

ஊர்க்கூட்டம் பள்ளிக்கூடத் திடலில் கூடியது. வீரணனோடு சங்கத்தில் இருந்த முத்திருளாண்டி முதலில் எழுந்தான். அவன் அழுதுகொண்டேதான் பேசினான். "வீரணனுக்காக உசிரைக் கேளுங்க, தர்றேன். ஆனா துளைக்குக் கண்ணு கிடையாது மதினி. இன்னாரு ஊதுனாத்தான் சத்தம் வரும்னு புல்லாங்குழல் பாக்குமா? இன்னிக்கு அமலதாஸு. நாளைக்கு எவனோ."

"உன் கல்லுல அப்படி என்னய்யா ரகசியம் இருக்கு?" என்று ஒருவர் கேட்டார்.

"எம் பொண்டாட்டிகிட்ட நான் கொஞ்சுனது இருக்கு. எனக்கே வெக்கமா இருக்கு, அதை சர்க்கார் எதுக்குய்யா கேக்கணும்?"

திடல் சிரித்தது. தவமணி சிரிக்கவில்லை. அவள் எழுந்து நின்றதும் சிரிப்பு தானாக அடங்கிப் போனது.

"எம்புருசன் கையைச் சாக்கடையிலேர்ந்து நான்தான் எடுத்தேன்" என்றாள். "கழுவித்தான் உடம்போட சேத்து வச்சேன். சேரல. உங்க வெக்கமும் கொஞ்சலும் பெருசா, என் வீட்டுக் கை பெருசா? சொல்லுங்க."

யாரும் சொல்லவில்லை. அப்படித்தான் ஊர் ஒத்துக்கொண்டது.

வீரணன் ஓட்டிய அதே எந்திரத்தைக் கீழ்ப்பள்ளத்துக்கு இறக்கினார்கள். தவமணி தானே அதைப் பிடிப்பேன் என்றாள். அவள் தோள் அதிர, பல் அதிர, முடியெல்லாம் கல்மாவு படிய, துளை இறங்கியது. தாய்க்கல் கன்று இழந்த மாடு மாதிரி ஒருமுறை கத்தியது. அந்த நிமிசம் இடுப்புச் செருகலில், தூக்குச்சட்டியில், துபாய்ப் பெட்டியில், கருப்பசாமி வாசலில் கிடந்த கல் ஒவ்வொன்றிலும் மயிர்க்கால் போல ஒரு துளை விழுந்தது. தவமணி வீட்டுக்கு வந்து, வீரணன் அவளுக்கென்று பேசி வைத்திருந்த கல்லைக் காதில் வைத்தாள். அவன் குரல் வந்தது, ஆனால் கூடவே பாட்டில் வாயில் காற்று நுழைவதுபோல ஒரு ஊளையும் வந்தது, அதற்குப் பிறகு அந்த ஊளை இல்லாமல் அவன் குரலை அவள் ஒருநாளும் கேட்கவில்லை. பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டாள்.

ஊசி வேலை செய்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். அமலதாஸ் நீதிபதி முன்னிலையில் ஊசியைக் கடித்துக் கேட்டார், பிறகு நீதிபதி கடித்துக் கேட்டார்: "டீ குடிக்க வருவான். கையில கிளாஸ் இருக்கிறப்பப் போடுங்க, தடுக்க மாட்டான்." குவாரி முதலாளி அருஞ்சுனைநாதனின் குரல், குரல் முடிந்து அவருடைய அந்தச் செருமல்கூட இருந்தது. அவரை வீட்டிலிருந்து விலங்கு போட்டு இழுத்துவந்தபோது பெண்கள் குலவையிட்டார்கள். அந்த மாதமே பக்கத்து ஊரில் பிள்ளை பிடித்துப்போன ஒருவனும் ஊசியில் அகப்பட்டான், பிள்ளை உயிரோடு திரும்பியது. அதன் தாய் வந்து தவமணியின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். முத்திருளாண்டியே வந்து, "நான்தான் மதினி பயந்துட்டேன்" என்றான்.

அருஞ்சுனைநாதன் ஜாமீனில் வந்தார். குரலை எந்தப் பலகுரல்காரனும் பேசலாம் என்றார் அவருடைய வக்கீல். கல்லைக் கையில் கொடுத்ததைக் கண்ணால் பார்த்தவன் உண்டா என்றார். ஒருவன் உண்டு. முதலாளியின் கார் டிரைவர் சகாயம், கண்ணாடியில் எல்லாவற்றையும் பார்த்தவன். பார்த்த அன்றே வண்டிச் சாவியைப் போட்டுவிட்டுத் தொண்டியில் கருவாடு விற்கும் தன் அக்கா அந்தோணியம்மாள் வீட்டுக்கு ஓடிப்போயிருந்தான். சாட்சி சொல்ல வருகிறாயா என்று தவமணி கண்டக்டரிடம் கல் கொடுத்து அனுப்பினாள். திரும்பி வந்த கல்லில் அவன் கேட்டிருந்தான்: "அக்கா, வர்றேன். ஆனா கல்லுல ஓட்டை விழுந்திருக்கே, இதுல பேசலாமா?"

தவமணி பதில் பேசினாள்: "ஊசி ஒண்ணுதான் தம்பி. அது நல்லவர் கையில இருக்கு. தைரியமாச் சொல்லு, எங்க இறங்குற, நான் சங்கத்து ஆளுகளோட வந்து நிக்கிறேன்."

அவள் அதைப் பேசி அனுப்பிய வாரம் அமலதாஸுக்கு மாறுதல் உத்தரவு வந்தது. அவர் ஊசியைத் துணியில் சுற்றி அடுத்து வந்த இன்ஸ்பெக்டர் நல்லதம்பியிடம் ஒப்படைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, தவமணியிடம் சொல்லிக்கொள்ள வந்தார். "கவலைப்படாதம்மா, முறைப்படிதான் குடுத்திருக்கேன்" என்றார். அவர் முகம் அவர் சொன்னதை நம்பவில்லை. நல்லதம்பி வந்த மறுநாள் குவாரி பங்களாவில் அவருக்கு விருந்து நடந்தது. ஊசியின் அளவைப் பார்த்துக்கொள்ள ஒரு சாப்பாட்டு நேரம் போதும். அந்த அளவுக்கு எஃகுகூட வேண்டியதில்லை என்பதை அருஞ்சுனைநாதனின் ஆட்கள் பங்களாவின் வேலியிலேயே கண்டுபிடித்துக்கொண்டார்கள்.

சகாயத்தின் கல் வந்தபோது துளைக்குள் ஏதோ தூசி அடைத்த மாதிரி இருந்தது. தவமணி ஊதிப் பார்த்துவிட்டுக் காதில் வைத்தாள். "வாய்தா அன்னிக்கு பஸ் ஸ்டாண்டு வேணாம்க்கா. ரயில்வே கேட்டுல இறங்குறேன். எங்கக்காகூட வர்றேங்குறா, வேணாம்னுட்டேன்."

அவள் பத்துப் பதினைந்து ஆட்களோடு பஸ் வரும் நேரத்துக்கு முன்பே ரயில்வே கேட்டுக்குப் போனாள். அவர்களுக்கும் முன்பே யாரோ போய், ஒரு நிறுத்தம் முந்தியே பஸ்ஸை மறித்து, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவனைத் தலைமுடியைப் பிடித்து ஜன்னல் வழியாகவே பாதி இழுத்து, அப்படித் தொங்கவிட்டே வெட்டியிருந்தார்கள். பஸ் அவனைச் சுமந்துகொண்டுதான் கேட்டுக்கு வந்து நின்றது. பஸ்ஸின் பக்கவாட்டில் பச்சைப் பெயிண்டுக்கு மேல் ரத்தம் பின்னோக்கி ஓடிக் காய்ந்திருந்தது. அவன் வாய் திறந்திருந்தது. வாய் நிறையக் கத்தரிக்காய் நிறக் கற்களைத் திணித்திருந்தார்கள். தவமணி ஒவ்வொன்றாக எடுத்தாள். கடைசிக் கல்லை எடுத்தபோது நாக்கு இல்லை என்பது தெரிந்தது.

வீட்டுக்கு வந்து, கொண்டை ஊசியால் அவன் அனுப்பிய கல்லின் துளையைக் குடைந்தாள். உள்ளே இருந்து தூசி வரவில்லை. முனை ஒடிந்த ஒரு கருவேல முள் வந்தது. சீமைக்கருவேல முள், ஆட்டுக்கிடை முதல் அரசமரத்தடி வரை ஆனைக்கரட்டில் எங்கே காலை வைத்தாலும் குத்தும் முள்.

அவள் அதை மறைக்கவில்லை. தெருவில் நின்று முள்ளைத் தூக்கிப் பிடித்துக் கத்தினாள், கல்லெல்லாவற்றையும் கண்மாயில் போடுங்கள் என்று. கேட்டவர்களில் பாதிப் பேர் கண்மாய்க்கு ஓடினார்கள், மீதிப் பேர் முள் ஒடிக்க ஓடினார்கள். பொழுது சாய்வதற்குள் ஆனைக்கரட்டில் ஒவ்வொரு பல்லிடுக்கிலும் ஒரு முள் இருந்தது. அண்ணன் தம்பியின் கல்லைக் கேட்டான், மண்வெட்டியை எடுத்தான். மாமியார் மருமகளின் கல்லைக் கேட்டாள், அடுப்பிலிருந்த எண்ணெய்ச் சட்டியை எடுத்தாள். துபாயிலிருந்து மனைவிக்கு வந்த கல்லை மச்சினன் கேட்டான், அதில் அவனைப் பற்றி இரண்டே வார்த்தை இருந்தது, அந்த இரண்டு வார்த்தைக்கு வீடு எரிந்தது. மேலத்தெருப் பெண் ஒருத்தி கீழத்தெருப் பையனுக்குப் பேசிய கல்லை அவள் சித்தப்பன்மார் ஆளுக்கொரு முறை கடித்துக் கேட்டார்கள். பெண் கிணற்றில் கிடந்தாள், பையன் தண்டவாளத்தில் கிடந்தான். பன்னிரண்டாம் வகுப்பு வாத்தியார் யாருக்கு என்ன பேசினாரோ, பிள்ளைகள் அதைக் கரும்பலகையில் எழுதி வைத்திருந்தார்கள், அவர் அதைப் படித்துவிட்டு ஆய்வுக்கூடத்துக்குள் போய்த் திராவகத்தைக் குடித்தார். கருப்பசாமிக்குச் சொன்னவற்றையும் விடவில்லை. கோயில் வாசலில் உட்கார்ந்து கடலை தின்பதுபோல் ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். முத்திருளாண்டி வலது காது அறுந்து, துண்டால் அழுத்திப் பிடித்தபடி தவமணி வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தான்.

"கொஞ்சுனதையா கேட்டாங்க?" என்றாள் அவள்.

"இல்ல மதினி. மச்சானைத் திட்டுனதை."

அவள் காப்பித்தூள் வைத்துக் கட்டினாள். ஆம்புலன்ஸ்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தன, அந்த ஊரில் முதன்முறையாக மழைச்சத்தத்தைவிட அது பழகிய சத்தமாகிவிட்டது. நல்லதம்பி ஜீப்பில் ஒலிபெருக்கி கட்டி, முள் வைத்துக் கேட்பது குற்றம், துளையை மெழுகு வைத்து அடைப்பது அதைவிடப் பெரிய குற்றம் என்று அறிவித்துக்கொண்டு போனார்.

அந்தோணியம்மாள் வந்தது அந்தக் கலவரத்துக்கு நடுவில். ஆறடி உயரப் பொம்பளை, கருவாட்டு வாசனை அவளுக்கு முன்னால் தெருவுக்குள் நுழைந்தது. தவமணி வீட்டுக் கதவைக் காலால் தள்ளித் திறந்து, உலை வைத்துக்கொண்டிருந்தவளை முடியைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள்.

"நீதானே தைரியமாச் சொல்லுன்னு சொன்னவ?"

"நான்தான்."

"நீதானே அந்தத் துளையைப் போட்டவ? உங்கையால?"

"ஆமா. என் கையாலதான்."

அந்தோணியம்மாள் அறைந்தாள். தவமணி விழுந்து எழுந்து அதே இடத்தில் வந்து நின்றாள். மறுபடி அறைந்தாள், மறுபடி எழுந்து நின்றாள். கொதிக்கிற உலை தட்டுப்பட்டுக் கவிழ்ந்து இரண்டு பேர் காலிலும் கொட்டியது, இரண்டு பேரும் நகரவில்லை. மூன்றாவது அறைக்குக் கை எழவில்லை. அந்தோணியம்மாள் தரையில் உட்கார்ந்து, கொப்பளித்த காலைப் பிடித்துக்கொண்டு, ஊரே கேட்க, "தம்பீ, எஞ்சாமீ" என்று ஒப்பாரி வைத்தாள். தவமணி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "ஒன்னைய வேணாம்னு சொல்லிட்டு வந்தான், கல்லுல சொன்னான்" என்றாள். பிறகு இரண்டு பேர் காலிலும் மாவுப் பானையைக் கவிழ்த்து இட்லி மாவைத் தடவினாள்.

மறுநாள் வெயில் ஏறியபிறகு இரண்டு பேரும் நொண்டிக்கொண்டே கண்மாய்க்கரைக்குப் போனார்கள். கரையோடு ஒருமுறை போய்த் திரும்பி வந்தார்கள். மாடு மேய்த்தவர்கள் பார்த்தார்கள்: இரண்டு தலையும் ஒட்டியிருந்தன, வாய் அசைந்தது, சத்தம் கேட்கவில்லை. அப்புறம் அந்தோணியம்மாள் பஸ் ஏறித் தொண்டிக்குப் போய்விட்டாள்.

சாட்சி இல்லாத வழக்கு அடுத்த வாய்தாவில் முடிந்தது. அருஞ்சுனைநாதன் விடுதலை. கோர்ட்டு வாசலில் ஆளுயர மாலையும் மேளமும் காத்திருந்தன. அவர் படியிறங்கி வந்தபோது, கூடையில் கருவாடு வைத்துக்கொண்டு படியோரம் உட்கார்ந்திருந்த பொம்பளை எழுந்து நின்றாள். "ஐயா, சகாயத்தோட அக்கா" என்றாள், வணக்கம் சொல்வதுபோல. அவர் திரும்பினார். சுறா அறுக்கிற கத்தியால் வயிற்றில் கீழிருந்து மேலாக ஒரே இழுப்பு. மாலையோடு சேர்ந்தே அறுந்தது. சம்பங்கியும் குடலும் ஒன்றாகப் படியில் சரிந்தன. அவர் இரண்டு கையாலும் அள்ளி உள்ளே வைக்கப் பார்த்தார். மேளக்காரர்களுக்கு என்ன நடந்தது என்று தெரிய நேரமாயிற்று, அதுவரை அடித்துக்கொண்டேதான் இருந்தார்கள். அந்தோணியம்மாள் கத்தியைக் கூடைக்குள் வைத்து, கூடையை மூடி, போலீஸ் வரும்வரை அங்கேயே நின்றாள்.

நல்லதம்பி தவமணி வீட்டிலும் தொண்டி வீட்டிலும் இருந்த கற்களை மூட்டை கட்டிக் கொண்டுவந்து, ஸ்டேஷனில் கொட்டி, ஊசியைக் கடித்தபடி ஒவ்வொன்றாகக் கேட்டார். மீன் வந்துவிட்டதா என்ற குரல், மாத்திரை சாப்பிடு என்ற குரல், செத்துப்போன வீரணன் ஊளையோடு தன் பெண்டாட்டியைக் கூப்பிட்ட குரல் எல்லாம் கேட்டார். அவர் தேடிய சதிப்பேச்சு எதிலும் இல்லை. ஆகவே தவமணியைக் கூட்டிவந்தார்கள்.

"கண்மாய்க்கரையில ரெண்டு பேரும் என்ன பேசுனீங்க?"

"பேசுனோம்."

"என்னன்னு கேக்குறேன்."

"அது அவளுக்குச் சொன்னது. உங்களுக்குச் சொன்னது இல்ல."

லத்தியால் உள்ளங்காலில் அடித்தார்கள், கொப்புளம் ஆறாத காலில். வாயில் அடித்தார்கள். பல் விழுந்தது, அதைத் துப்பிவிட்டு மறுபடி வாயை மூடிக்கொண்டாள். அவள் தலையைச் சுவரில் மோதிப் பிடித்துக்கொண்டு ஒருவர் காதுக்குள் ஊசியைக் கொண்டுபோனார். ரத்தம் வந்தது, பேச்சு வரவில்லை. வெளியே முத்திருளாண்டியும் சங்கத்து ஆட்களும் சத்துணவுக் கூடத்துப் பிள்ளைகளின் தாய்மார்களும், மேலத்தெருவும் கீழத்தெருவும், ஒருத்தரையொருத்தர் வெட்டிக்கொண்ட கட்டுகளோடு வந்து ரோட்டை மறித்து உட்கார்ந்தார்கள். கோஷம் போடவில்லை. ஒரு ஊரே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தபிறகுதான் நல்லதம்பிக்குப் பயம் வந்தது. மூன்றாம் நாள் அவளை விட்டார்கள். ஒரு காது அவளுக்கு அதற்கப்புறம் கேட்கவில்லை.

அவர்கள் என்ன பேசினார்கள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. கத்தியைப் பற்றியா, செத்துப்போன தம்பியைப் பற்றியா, ஒருத்தி செய்யச் சொல்லி மற்றவள் வேண்டாம் என்றாளா, மன்னித்தாளா, மன்னிக்கவில்லையா? இதைச் சொல்லிக்கொண்டிருக்கும் எனக்கும் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

மாதம் ஒருமுறை தவமணி பெண்கள் சிறைக்கு மனு போட்டுப் போகிறாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அந்தோணியம்மாள் வந்து நிற்பாள். பக்கத்திலேயே ஒரு வார்டர், காதைச் சாய்த்துக்கொண்டு.

"சாப்பிட்டியா?" என்பாள் அந்தோணியம்மாள், கேட்கிற காதின் பக்கமாகச் சத்தமாக.

"சாப்பிட்டேன். நீ?"

"ம்."

அவ்வளவுதான். பிறகு வலையின் கண்ணுக்குள் ஆளுக்கு ஒரு விரலை நுழைத்துக் கோர்த்துக்கொண்டு, மணி அடிக்கிறவரை அப்படியே நிற்பார்கள். கேட்டுக் கேட்டு ஒன்றும் கிடைக்காமல் வார்டருக்குக் கழுத்து வலிக்கும்.